அதிராத வண்டி

ஆலங்கரைவாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகிற சாலை போளூரைத் தொட்டுக்கொண்டு கிளம்பி, களம்பூர் ரயில்வே கேட்டில் நின்று நின்று, ஆரணிக்குள் நெரிபட்டு, திமிரிப் பக்கம் வெறும் குழிகளாகவே மாறி, ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் சாலையாக இருந்துவிட்டு முடிந்துபோகும். அந்தச் சாலையில் கோமளா பத்து வருடத்துக்கும் மேலாகப் பேருந்தில் போனாள், பேருந்தில் வந்தாள். ராணிப்பேட்டையில் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊர் ஊராக வந்து சேரும் தண்ணீர்ப் புட்டிகளைத் திறந்து, உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிழலில் உட்கார்ந்து செய்கிற நல்ல வேலைதான், ஆனால் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரணியில் ஒரு பேருந்திலிருந்து இறங்கி இன்னொரு பேருந்தில் தொற்றி, பாதி நாள் நின்று, மீதி நாள் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இருக்கையில் குதித்துக் குதித்து, இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் அவள் இறங்குவாள்.

ராணிப்பேட்டையிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அவள் கேட்காத வருடம் இல்லை. கேட்கும்போதெல்லாம் மாமனார் ஏகாம்பரம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "குடும்பத்தை ரெண்டாக்கிட்டுப் போறதுக்கா உன்னைக் கட்டிக்கிட்டு வந்தோம்?" என்பார். கணவன் சம்பத்துக்கு ஊரில் ஹார்டுவேர் கடை. அவன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான், பிறகு கோமளாவின் முகத்தைப் பார்ப்பான், பிறகு மோர் கேட்பான். அவள் ராத்திரி வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கீழே வைத்துப் படுப்பாள், காலையில் ஆறிப்போன பையை எடுத்து மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள், அந்தப் பை அந்த வீட்டில் ஒரு ஆணியைப் போல, ஒரு காலண்டரைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஒருநாள் வேலூரில் ஒரு டாக்டர் அவளுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை நசுங்கிவிட்டது, ஒன்று இந்தப் பேருந்தை விடு, இல்லை இந்த வேலையை விடு என்று சொன்னார். வேலையை விடு என்றது மட்டும்தான் வீட்டில் எல்லார் காதிலும் விழுந்தது. மாதா மாதம் வருகிற சம்பளம் வராமல் போனால் என்னென்ன நிற்கும் என்று ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து முடித்ததும் ஏகாம்பரம் சொன்னார்: "ஒரு காரு வாங்கிடலாம்."

பெரும்பங்கு வங்கிக் கடன், அது கோமளாவின் சம்பளத்தில் பிடிக்கப்படும். முன்பணத்துக்கு ஏகாம்பரம் வரப்போரத்துத் தேக்குகளை வெட்டி விற்றார். வந்தவாசியில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் வேதவல்லி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பணம் போட்ட எல்லோருக்கும் வண்டியைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே தெரியும் என்றார் ஏகாம்பரம். பின்னால் சாமான் வைக்க இடம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்றாள் வேதவல்லி. உயரமாக, முன்பக்கம் அகலமாக, எதிரில் வருகிறவன் ஒதுங்கிப்போகிற மாதிரி இருக்க வேண்டும் என்றான் சம்பத். கோமளா வேலூர்க் கடைகளுக்குப் போய் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

விற்பனைக்காரப் பையன்கள் திரையைத் தொட்டுக் காட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், குளிர்காற்றைத் திறந்துவிட்டார்கள். அவள் கண்ணைத் திறக்காமலே, "இதைப் பள்ளத்துல ஓட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் மைலேஜ்தான் மேடம் கேப்பாங்க" என்றான் ஒருவன்.

"நான் பள்ளம்தான் கேக்கறேன்."

சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களில் அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். வண்டிக்கு வண்டி அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. கடைசியில் ஒரு வண்டியில் அது மடியிலேயே கிடந்தது. கியர் மாற்ற வேண்டாம், இடது காலுக்கு வேலையே இல்லை, இருக்கை முதுகின் வளைவுக்குள் வந்து ஒட்டிக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் விடவில்லை. கண்ணைத் திறந்தபோது தெரு முடிந்திருந்தது. "இதுதான்" என்றாள்.

அது நினைத்ததைவிட விலை கூடிய வண்டி. ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பத் கொஞ்ச நேரம் கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்து, "குறையறதை நான் பாத்துக்கறேன், கடையில புரட்டிக்கலாம்" என்றான். கோமளா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அவளுக்காக அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்ன முதல் வார்த்தை அது. அன்றைக்கு வீடு திரும்பியதும் இடுப்பு வலியோடு நின்றுகொண்டே அவனுக்குப் பிடித்த கீரை வடை சுட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

வண்டி வந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, கற்பூரம் எரிந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் கோமளா அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதே காலையில் ஏகாம்பரம் ஊர் சலூனில் கன்னத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தபோது, நாற்காலி அசையாமல் இருக்க அவர் மட்டும் ஒரு முழம் எழும்பி விழுந்தார். கத்தி காதோரம் கீறியது. சலூன்காரர் பதறிப்போய்ப் பஞ்சை எடுப்பதற்குள் அவர் இடப்பக்கமாகச் சரிந்தார், நிமிர்ந்தார், மறுபடி எழும்பி விழுந்தார். நான்கு பேர் சேர்ந்து தோளை அழுத்திப் பிடித்தார்கள். பிடித்தவர்களின் கையும் சேர்ந்து குலுங்கியது. பேய் என்று ஒருவர் சொன்னார், சர்க்கரை என்று இன்னொருவர் சொன்னார். ஏகாம்பரம் கண்ணை மூடி, உடம்பு போகிற போக்கைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "இல்லடா, இது களம்பூர் வளைவு" என்றார். பிறகு கால் மணி நேரம் ஒரு அசைவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். "கேட்டு போட்டுட்டான்" என்றார்.

வந்தவாசியில் வேதவல்லி சமையல் மேடையோடு மோதிக்கொண்டு நெற்றி வீங்கி உட்கார்ந்திருந்தாள். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டபோது எல்லாம் பொருந்தியது: எந்தப் பள்ளத்தில் அவர் எழும்பினாரோ அதே பள்ளத்தில் அவளும் எழும்பியிருந்தாள், தேக்கின் பங்கு பெரியது என்பதால் அவருக்குக் கொஞ்சம் அதிகம், சீட்டின் பங்கு சிறியது என்பதால் அவளுக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி போகிற சாலையின் அடியெல்லாம் வண்டிக்குப் பணம் போட்டவர்களின் உடம்பில் விழுந்துகொண்டிருந்தது. வங்கிக்கும் பங்கு இருந்தது, எல்லாரையும்விடப் பெரிய பங்கு. ஆனால் வங்கிக்கு இடுப்பு இல்லாததால் அது எதையும் உணரவில்லை.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கிணறு வற்றினால் அடுத்த கிணற்றுக்குப் போவதைப் போல, பேருந்து நேரம் மாறினால் கடிகாரத்தைப் பார்ப்பதைப் போல, ஏகாம்பரத்துக்குக் காலையிலும் மாலையிலும் யாரும் சூடாக எதுவும் கொடுப்பதில்லை என்று பழகிக்கொண்டது. வைக்கோல் திணித்த தலையணை ஒன்றை யாரோ கொண்டுவந்து தந்தார்கள். டீக்கடைப் பெஞ்சில் நடுவில் அவரை உட்காரவைத்து இரண்டு பக்கமும் இரண்டு பேர் அணைத்துக்கொண்டு, "இப்ப எங்க கீறா?" என்று கேட்பார்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "திமிரி" என்பார். ஆரணிக்குப் போக வேண்டியவர்கள் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்: இன்றைக்குக் கூட்டமா, சாலை மறியலா, கேட் திறந்ததா. மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்த தகப்பன்மார் சில நாள் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியானார்கள். கீழத்தெரு ருக்குமணி மட்டும் நிம்மதியாகவில்லை. அவள் மகன் வெளிநாட்டில் லாரி ஓட்டினான், பேசி வருடமாகிவிட்டது. "அந்த லாரியில நான் ஒரு ரூபா போட்டிருக்கக் கூடாதா" என்று அவள் ஏகாம்பரம் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

கோமளாவோ மிதந்துகொண்டிருந்தாள். இருக்கை அவள் முதுகைத் தண்ணீர் மாதிரி தாங்கிக்கொண்டது, சக்கரத்துக்குக் கீழே குழிகள் வந்து போவதை அவள் கண்ணால் மட்டுமே பார்த்தாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்து நேராக நடந்து உள்ளே போனாள். கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள், "என்ன கோமளா, வளர்ந்துட்டியா?" என்று கேட்டார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தும்போது வாசலில் மாமனார் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவர் வாய் திறக்க வேண்டியதில்லை, அவள் அன்றைக்கு வேகமாகப் போன இடமெல்லாம் அவர் முகத்தில் இருக்கும். அவள் பள்ளங்களுக்கு முன்னால் நின்று நின்று போனாள். பெரிய பள்ளமாக இருந்தால் ஓரங்கட்டித் தொலைபேசியில், "மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறக்கினாள். அப்படியும் வலித்தது. ஏகாம்பரத்தை வேலூருக்கு அழைத்துப்போனபோது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "தினம் பஸ்ல ரொம்ப தூரம் போறீங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதவல்லி பேருந்தில் வந்து இறங்கினாள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"அந்த ரோட்டுல மனுஷன் போவானா?" என்றார் ஏகாம்பரம். "ரெண்டு மாசத்துல என்னை உலுக்கி எடுத்துடுச்சு. ராத்திரி புரண்டு படுக்க முடியல. ஒண்ணுக்குப் போக எழுந்திருக்க முடியல."

கோமளா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் பத்து வருஷம் போனேன் மாமா."

வேதவல்லிதான் பேசினாள், கோபமாகக்கூட இல்லை, நியாயத்தை எடுத்துச் சொல்கிறவளைப் போல: "உங்களுக்குப் பழகிடுச்சு அண்ணி. எங்களுக்குப் பழக்கமில்லையே."

கோமளா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவள் மாமனாரைத் தொலைபேசியில் எச்சரிப்பதை நிறுத்தினாள்.

இதற்கிடையில் ஊர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தது. பணம் போட்டவர்களில் சம்பத் மட்டும் குலுங்கவில்லை. ஹார்டுவேர் கடையில் அவன் ஆணி நிறுத்துப் போடும்போது தராசு முள் அசையாமல் நின்றது. "உனக்கு ஒண்ணும் இல்லையா சம்பத்து?" என்று கேட்டார்கள். "எனக்கு உடம்பு கெட்டி" என்றான். கேள்வி நாளுக்கு நாள் அதிகமானதும் அவனும் குலுங்கத் தொடங்கினான். காலையில் கல்லாவில் உட்கார்ந்தபடி தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டான், அம்மா என்றான், இடுப்பைப் பிடித்தான். ஒருநாள் ஏகாம்பரம் கடைக்குள் வந்து எதிரே உட்கார்ந்தார். களம்பூரில் கேட் போட்டிருந்தது. அவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரில் மகன் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தான். அவர் அவனையே பார்த்தார், கடைக்கு வந்திருந்தவர்களும் பார்த்தார்கள். பிறகு அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். குடும்ப மானம் என்று ஒன்று இருந்ததால் யாரும் கோமளாவிடம் சொல்லவில்லை. ஊர் வண்டியைப் பழகிக்கொண்டதைப் போலவே அந்தப் பொய்யையும் பழகிக்கொண்டது.

ஏகாம்பரம் வேறொரு வழி கண்டுபிடித்தார். எழுந்து உட்கார்ந்திருப்பதால்தானே அடி விழுகிறது, படுத்திருந்தால் மெத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே தான் எழுந்திருப்பதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சொன்னார். சம்பத்தும், "அப்பா வயசுக்கு இதாவது செய்யலாமில்ல" என்றான். கோமளா மறுநாள் இருட்டு விலகும்போதே கிளம்பினாள். ஆளில்லாத சாலை, பனி, முன்விளக்கு வெளிச்சம். ஊரைத் தாண்டி முதல் வளைவிலேயே ஆட்டுமந்தை ஒன்று திடீரென்று குறுக்கே இறங்கியது. அவள் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள். வண்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கி ஏறி நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, இருக்கை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் முதல் புட்டியைத் திறப்பதற்குள் சேத்துப்பட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அவள் அம்மா அஞ்சலை, பேருந்து நிலையத்தின் பின்பக்கம் இட்லிக் கடை வைத்துத் தனியாகப் பிழைக்கிறவள், கொதிக்கிற இட்லிப் பானையின் மேலேயே விழுந்துவிட்டாள்.

கோமளா அந்தப் பள்ளங்களின் மேலெல்லாம் பறந்து போனாள். எவ்வளவு வேகமாகப் போகிறாளோ அவ்வளவும் யார் மேல் விழுகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, வலது கை தோள் வரைக்கும் கட்டுப் போட்டிருந்த அம்மாவை இரண்டு நர்சுகள் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவள் வண்டியை நிறுத்திய நிமிடத்தில்தான் அம்மாவின் உடம்பு அடங்கியது என்று அவர்கள் சொன்னார்கள்.

கோமளா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள். "நீ எப்படிம்மா? நீ எங்க பணம் போட்டே?"

அஞ்சலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "மாப்பிள்ளை சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

துணைக்கு வந்திருந்த பக்கத்துப் பழக்கடைக்காரி சொன்னாள். மாப்பிள்ளை வந்து கேட்ட அன்றைக்கே அஞ்சலை வீட்டுக்குப் பின்னால் இருந்த மனையை விற்று எழுதிக் கொடுத்து, பணத்தை அவனிடம் தந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை வந்து நின்று, கோமளாவால் நடக்கவே முடியவில்லை, இந்த வண்டி இல்லாவிட்டால் வேலை போய்விடும், நான்தான் கொடுத்தேன் என்று இருக்கட்டும் அத்தை, இல்லாவிட்டால் அவள் வாங்கமாட்டாள் என்று கண் கலங்கியதைச் சொன்னாள். வண்டி வந்த நாளிலிருந்து அஞ்சலை மகள் கிளம்புவதற்கு முன்பே இட்லி அவித்து முடித்துவிட்டு, மகள் போய்ச் சேர்கிற வரைக்கும் கடைத் தூணோடு தன்னைப் புடவையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். கேட்டவர்களிடம் வாயு என்று சொல்லியிருந்தாள். வாடிக்கையாளர்களும் அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே வந்து சாப்பிட்டுப் போகப் பழகியிருந்தார்கள்.

"இன்னிக்கு நேரத்தை மாத்திட்டியே கண்ணு" என்றாள் அஞ்சலை, சுவரைப் பார்த்தபடியே. குறையாகச் சொல்லவில்லை. "அடுப்புல பானை இருந்துச்சு." போர்வையை இடது கையால் இழுத்துக்கொண்டு, "மத்தபடி ஒண்ணும் கஷ்டமில்ல. சாயங்காலம் ஆட்டம் நின்னதும், நீ வீடு போய்ச் சேர்ந்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதுக்கு அப்புறம்தான் நான் சாப்பிடுவேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட நாளில் அம்மாவை அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கோமளா இருக்கையைச் சாய்த்து, சுற்றிலும் தலையணை வைத்து, மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அந்த இருக்கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேலூர்க் கடையில் கண்ணை மூடித் தேடிக் கண்டுபிடித்த அந்த இருக்கையின் மேலேயே ஒவ்வொரு கல்லுக்கும் அஞ்சலை தூக்கிப் போடப்பட்டாள், கட்டுப் போட்ட கை கதவில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல வண்டிம்மா" என்றாள். "உனக்கு அதிரலதானே?"

கோமளா வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சம்பத்தைத் தேடிக் கடைக்குப் போகவில்லை. அவனே வந்தான். வாசலில் மாமியாரைப் பார்த்ததும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

"கடையில புரட்டினேன்னு சொன்னீங்க."

"உனக்காகத்தானே கேட்டேன். என் பையிலயா போட்டுக்கிட்டேன்?"

"வடை சுட்டுப் போட்டேன் உங்களுக்கு" என்றாள் கோமளா. அவளுக்கு எங்கிருந்தெல்லாமோ வார்த்தை வந்தது, ஆனால் வாயைத் தாண்டியது அது ஒன்றுதான்.

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த இட்லிக்காரி கையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தன் இடுப்பைத் தடவினார். பிறகு, மனதில் வெகுநாளாக இருந்த ஒரு பெரிய யோசனையைச் சொல்பவரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எதுக்கும்மா இந்த அவஸ்தை எல்லாருக்கும்? பேசாம ராணிப்பேட்டையிலயே ஒரு வீடு பாத்துக்கயேன்" என்றார்.

கோமளா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த மகள் மதிவதனியை வாசலிலேயே நிறுத்தி, உன் துணிகளை எடுத்து வை என்றாள்.

வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து மாமனாருக்கும் நாத்தனாருக்கும் அவர்களுடைய பங்கைத் திருப்பினாள். வேண்டாம் என்று இருவரும் ஒரு தடவை சொன்னார்கள், அவள் கை நீண்டிருக்கும்போதே வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய கணத்தில் அவர்கள் முதுகு நிமிர்ந்தது. அவர்களிடமிருந்து விலகிய வலி கோமளாவுக்கு வந்து சேர்ந்தது; வெகுநாள் தெரிந்தவர்களைப் போல அவளும் அதுவும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளவில்லை. ஆனால் அஞ்சலை மட்டும் கையை நீட்டவில்லை. "உன்கிட்ட நான் குடுக்கல, உன்கிட்ட வாங்கவும் மாட்டேன். கேட்டு வாங்கினவரு கையால வரட்டும்" என்றாள். எத்தனை தடவை கெஞ்சியும் அதையேதான் திருப்பிச் சொன்னாள்.

ராணிப்பேட்டையில் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்தது, மகளோடும் அம்மாவோடும் அங்கே போனாள். கடைசி முறையாக அந்தச் சாலையில் வண்டியைத் தானே ஓட்டி வந்து வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தினாள், அன்றைக்கு அஞ்சலையை மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வண்டி நகரவில்லை. விற்கலாம் என்றால், வாங்குகிறவன் எந்த ஊர்க் குழிகளில் ஓட்டுவானோ அதெல்லாம் அம்மாவின் கையில் விழும். சும்மா நிற்கிற வண்டிக்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அஞ்சலைக்குக் கை சரியாக நீளவில்லை, விரல்கள் உள்பக்கம் சுருண்டுவிட்டன, மாவு கரைக்க முடியாது. மத்தியானங்களில் அவள் வேப்பமரத்தடிக்குப் போய் வண்டிக் கதவைத் திறந்து முன் இருக்கையில் ஏறி உட்காருவாள். நிற்கிற வண்டியில் அந்த இருக்கை அவளையும் தாங்கிக்கொண்டது. சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவாள். அந்தத் தெரு அதையும் பழகிக்கொண்டது; அந்தப் பக்கம் போகிற சைக்கிள்காரர்கள் மணி அடிப்பதில்லை.

ஆடி கழிந்து ஒரு மத்தியானம் சம்பத் வந்தான். கடையில் வியாபாரம் இல்லை, பெரிய கடை ஒன்று எதிரிலேயே வந்துவிட்டது. பேத்தியைப் பற்றி அப்பா கேட்டதாகச் சொன்னான், தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு, "வண்டி சும்மாதானே நிக்குது. நல்ல விலைக்குக் கேக்கறாங்க. வித்துட்டு ஆளுக்குப் பாதியா..." என்றான்.

கோமளா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"அம்மாவோட பங்கை அவங்க கையில குடுங்க. குடுத்துட்டு நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க. போளூர் வரைக்கும் போங்க, யாருக்கு வேணுமோ அவங்களுக்கு வித்துக்கங்க. நான் எதையும் கேக்க மாட்டேன்."

"குடுத்தா?"

"குடுத்தா அந்தப் பங்கு உங்களது."

அவன் வண்டியின் பக்கம் திரும்பினான். வெள்ளை நிறத்தின் மேல் வேப்பம்பழங்கள் விழுந்து காய்ந்திருந்தன. உள்ளே மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள், சுருண்ட கை மடியில் கிடந்தது. இங்கிருந்து பாலாற்றுப் பாலம், ஆற்காடு, திமிரி, ஆரணி, களம்பூர் என்று அவன் உதடுகள் ஒருமுறை அசைந்தன. விற்ற பிறகும் வாங்கினவன் எங்கெல்லாம் போவானோ என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கை தன்னையறியாமல் பின்னால் போய் இடுப்பைத் தொட்டது, அந்த இடுப்பில் ஒரு நாளும் ஒரு வலியும் இருந்ததில்லை.

"அஞ்சரை பஸ்ஸை விட்டா அப்புறம் ஆரணியில வண்டி கிடைக்காது" என்றான்.

"சரி" என்றாள் கோமளா.

அவன் பேருந்து நிலையத்துக்கு நடந்தான். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பேருந்து திமிரிக்குப் பக்கத்தில் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து போனபோது, அந்த அடியை வாங்கிக்கொள்ள அவனுக்கு இந்த உலகத்தில் வேறு யாருடைய உடம்பும் மிச்சம் இருக்கவில்லை.